ராமென் சீனாவுடையதா, ஜப்பானுடையதா? சூப், நூடுல்ஸ், ஊருக்கு ஊர் வகைகள்

#1 | கத்திரிவெயில்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆபீஸ் கும்பலில் ஒரு சண்டை, தீர்ப்பு வேண்டும்.

நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு ஜப்பானியக் கடையில் சாப்பிட்டோம். மெனு அட்டையில் ஷோயு, ஷியோ, மிசோ, டொன்கொட்சு என்று நாலு ராமென். மேலே ‘ஆயிரம் ஆண்டு ஜப்பானியப் பாரம்பரியம்’ என்று ஒரு வரி. கூட வந்தவன் சிரிக்கிறான். "டேய், இது சீனாக்காரன் நூடுல்ஸ்டா, இவங்க பேரை மாத்தி விக்கிறாங்க" என்கிறான். இன்னொருத்தி, சூப் முழுக்க ஜப்பான் கைப்பக்குவம், சீனாவில் இந்த மாதிரியே கிடையாது என்று அடித்துப் பேசுகிறாள்.

எனக்கு மூன்று கேள்வி. எங்கிருந்து வந்தது? அந்த நாலு வகைக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? பன்றி சாப்பிடாதவர்கள் எதைக் கேட்டு வாங்குவது?

#2 | யோகோஹாமாவாசி

ஆயிரம் ஆண்டெல்லாம் சும்மா. இன்று நாம் சாப்பிடும் ராமெனுக்கு நூறு வயதுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நான் குடியிருக்கிற ஊரில்தான் கதை தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1859-ல் யோகோஹாமா துறைமுகத்தை வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தார்கள். ஐரோப்பிய வியாபாரிகள் வந்து இறங்கியபோது அவர்களுக்குத் துபாஷி வேலை, கணக்கு வேலை, சமையல் வேலை பார்க்கச் சீனர்களும் கூடவே வந்தார்கள். பெரும்பாலும் குவாங்டாங் பக்கத்து ஆட்கள். அவர்கள் குடியிருந்த பகுதிதான் நான்கின்மாச்சி, இன்றைய யோகோஹாமா சைனாடவுன். அங்கே எலும்பு சூப்பில் கோதுமை நூடுல்ஸ் போட்டு விற்ற கடைகள்தான் வேர். ஜப்பானியர்கள் அதை ‘நான்கின் சோபா’ என்றார்கள்.

எலும்பு சூப் அப்போது ஜப்பானியர்களுக்குப் புதுசு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பௌத்தத்தின் செல்வாக்கு, அரசர்களின் ஆணை எல்லாம் சேர்ந்து நூற்றாண்டுக் கணக்கில் ஆடுமாடு இறைச்சி ஊர்ச் சாப்பாட்டில் பெரிதாக இல்லை. மெய்ஜி பேரரசர் தாம் இறைச்சி சாப்பிட்டதை வெளிப்படையாக அறிவித்ததே 1872-ல்தான். அப்படிப்பட்ட நாட்டில் பன்றி எலும்பு கொதிக்கிற வாசனை தெருவில் வந்தால் எப்படி இருந்திருக்கும்!

அடுத்தது 1910. ஒசாகி கான்இச்சி என்பவர் யோகோஹாமா சுங்கத்துறையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு டோக்கியோ அசாகுசாவில் ‘ராய்ராய்கென்’ என்று ஒரு கடை போட்டார். சமையலுக்கு யோகோஹாமாவிலிருந்து 12 சீனர்களைக் கூட்டிப்போனார். முதலாளி ஜப்பானியர், கரண்டி பிடிப்பவர் சீனர், சாப்பிட வருகிறவர்கள் சினிமாவும் நாடகமும் பார்க்க அசாகுசாவுக்கு வரும் சாதாரண டோக்கியோ ஜனம். சோபா என்கிற ஜப்பானிய நூடுல்ஸ் கடைகளின் சோயா சாஸ் ருசிக்குப் பழகிய நாக்கு அவர்களுடையது. அதற்கேற்ப சூப் ஷோயு பக்கம் திரும்பியது. மேலே வாட்டிய பன்றித் துண்டு, பதப்படுத்திய மூங்கில் குருத்து. இன்றைக்கும் டோக்கியோ ஷோயு ராமெனின் அடிப்படை இதுதான்.

ஆகவே உங்கள் நண்பர் சொல்வதும் சரி, அந்தத் தோழி சொல்வதும் சரி. தப்பு மெனு அட்டை மேல்தான்.

#3 | ஏடுபுரட்டி

1910-தான் தொடக்கம் என்று அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது, யோகோஹாமா ஐயா.

மிட்டோ நாட்டுப் பிரபு தொகுகாவா மிட்சுகுனியின் கதையை எல்லா ஜப்பானியப் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். மிங் அரசு வீழ்ந்தபின் ஜப்பானுக்கு வந்த சூ ஷுன்ஷுய் என்ற சீன அறிஞர் 1665 வாக்கில் அவருக்கு ஆலோசகரானார். அவர் சொல்லிக்கொடுத்து பிரபு சீன நூடுல்ஸ் சாப்பிட்டார், அவர்தான் ராமென் சாப்பிட்ட முதல் ஜப்பானியர் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள்.

அதையும் தாண்டி இன்னொன்று வந்துவிட்டது. கியோத்தோவில் ஷோகொகுஜி மடத்தைச் சேர்ந்த துறவியின் நாட்குறிப்பில், 1488-ல் விருந்தாளிகளுக்கு ‘கெய்தாய்மென்’ பரிமாறிய செய்தி இருக்கிறது. அந்த நூடுல்ஸுக்குரிய செய்முறை ஒரு பழைய சீனக் குறிப்பு நூலில் இருக்கிறது, அதில் மாவோடு காரநீர் (உறைப்பு இல்லை, சோடா மாதிரியான உப்பு கரைத்த நீர்) சேர்க்கச் சொல்லியிருக்கிறது. காரநீர் சேர்த்த கோதுமை நூடுல்ஸ் என்றால் அது ராமென் குடும்பம்தானே?

#4 | யோகோஹாமாவாசி

ஏடுபுரட்டி, 1488 செய்தி எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வம்சம் இல்லை. மடத்தில் ஒருநாள் விருந்து நடந்தது, முடிந்தது. அந்தத் துறவியிடமிருந்து யாரும் கற்றுக்கொண்டு கடை போடவில்லை. மிட்சுகுனி கதையும் அப்படியே. பிரபு சாப்பிட்டார், ஊர் சாப்பிடவில்லை. இடையில் இருநூறு, நானூறு வருஷம் வெறுமை.

யோகோஹாமா, அசாகுசா வழியில் ஒவ்வொரு கண்ணியும் கையில் இருக்கிறது. இந்தக் கடையில் வேலை பார்த்தவர் அந்த ஊரில் கடை போட்டார் என்று காட்ட முடியும். 1923 பூகம்பத்தில் டோக்கியோவும் யோகோஹாமாவும் நொறுங்கியதும் சமையல்காரர்கள் நாலா பக்கமும் போனார்கள், தள்ளுவண்டிகள் பெருகின. எனக்கு வரலாறு என்றால் அதுதான். மற்றது தகவல்.

#5 | ஏடுபுரட்டி

‘ஊர் சாப்பிட்டால்தான் வரலாறு’ என்பது உங்கள் அளவுகோல். ஏற்கிறேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் புரிகிறது. 😊

#6 | உலைமூடி

வரலாற்றுச் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

தம்பி கத்திரிவெயில், அந்த மெனுவில் இருக்கிற நாலும் ஒரே ஜாதியில் பிரித்த நாலு இல்லை. ஷோயு, ஷியோ, மிசோ மூன்றும் சூப்புக்கு உப்பும் ருசியும் எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்கின்றன: சோயா சாஸ், வெறும் உப்பு, புளிக்கவைத்த சோயா விழுது. டொன்கொட்சு என்பது சூப்பு எதில் காய்ச்சியது என்பதைச் சொல்கிறது: பன்றி எலும்பு. அதனால் டொன்கொட்சு ஷோயு என்றும் ஒன்று உண்டு, கோழி சூப்பில் மிசோவும் உண்டு. கடைக்காரர்கள் வசதிக்காக ஒரே பட்டியலில் அடுக்கிவிட்டார்கள், ஊரே குழம்பிக்கிடக்கிறது.

கிண்ணம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் தெளிந்துவிடும். சூப்புப் பானையில் உப்பு இருக்காது. அது எலும்பும் காய்கறியும் வெந்த சாறு மட்டும். உப்பெல்லாம் ‘தரே’ என்கிற தனிக் கரைசலில். கடைக்காரர் சூடான கிண்ணத்தில் முதலில் ஒரு சின்னக் கரண்டி தரே விடுவார். அடுத்து வாசனை எண்ணெய்: வெங்காயத்தாள் காய்ச்சிய பன்றிக்கொழுப்போ, கோழிக்கொழுப்போ. அதன்மேல் சூப்பை மொண்டு ஊற்றுவார். நூடுல்ஸைத் தண்ணீர் சொட்டாமல் உதறிப் போட்டு, சாப்ஸ்டிக்கால் ஒருமுறை தூக்கி மடித்து வாகாகப் படுக்கவைப்பார். கடைசியாகத்தான் இறைச்சி, முட்டை, வெங்காயத்தாள். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். எண்ணெய் மிதக்கிற விதத்தைப் பார்த்தாலே கடை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கடைக்குக் கடை ரகசியம் என்று காப்பாற்றுவது பெரும்பாலும் தரேயைத்தான். எலும்பு எல்லாருக்கும் கிடைக்கும்.

#7 | கத்திரிவெயில்

அக்கா, இது எனக்கு உறைக்கவே இல்லை இவ்வளவு நாளும்! வீட்டில் சாதா சைனீஸ் நூடுல்ஸ் பாக்கெட் வாங்கி சூப்பில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் கூழாகிவிடுகிறது. ராமென் நூடுல்ஸ் மட்டும் ஏன் ரப்பர் மாதிரி நிற்கிறது? முட்டை சேர்க்கிறார்களா? மஞ்சளாக வேறு இருக்கிறது.

#8 | உலைமூடி

முட்டை சில இடத்தில் சேர்ப்பார்கள், ஆனால் காரணம் அது இல்லை. ‘கான்சுய்’ என்கிற காரநீர்தான். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் இரண்டும் கலந்த உப்பு. மாவில் காரம் ஏறினால் கோதுமையின் பசையம் இறுகும், கடிக்கும்போது எதிர்த்து நிற்கும், சூப்பில் சீக்கிரம் இளகாது. மாவில் இயற்கையாகவே இருக்கிற சில நிறமிகள் காரம் பட்டதும் மஞ்சளாகும். அந்த மஞ்சள் அதுதான்.

நம் வீட்டில் அப்பளக்காரம் போட்டு உளுந்துமாவு பிசைகிறோமே, அதே குடும்பத்து உப்பு.

ஆப்பசோடா கையில் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணிநேரம் வையுங்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், மிச்சம் நிற்பது சோடியம் கார்பனேட். 100 கிராம் மைதாவுக்கு 1 கிராம் போதும், 35 முதல் 40 மில்லி தண்ணீரில் கரைத்துப் பிசையுங்கள். மாவு சேராமல் பிசிறிப் பிசிறி நிற்கும். பயந்து தண்ணீர் ஊற்றக்கூடாது. மூடி ஒரு மணிநேரம் ஊறவிட்டு அப்புறம் அழுத்துங்கள். சுட்ட சோடாவை ஈரக்கையால் தொடவேண்டாம், எரியும்.

அப்புறம் வேகவைத்த தண்ணீரைச் சூப்பில் சேர்க்காதீர்கள். காரவாசனை தூக்கும்.

#9 | பரிகாட்டா பாண்டி

நான் ஃபுக்குவோக்காவுல படிக்கிறேன், மதுரைக்காரன். டொன்கொட்சு பத்திப் பேச எனக்கு உரிமை இருக்கு, கொஞ்சம் வழிவிடுங்க. 🙏

எல்லாரும் ஹகாத்தா ராமென், ஹகாத்தா ராமென்னு சொல்றாங்க (ஹகாத்தா இந்த ஃபுக்குவோக்கா நகரத்துல ஒரு பகுதி). ஆனா டொன்கொட்சு பொறந்தது ஹகாத்தாவுல இல்ல, ரயில்ல கொஞ்ச நேரம் தள்ளி குருமேங்கிற ஊர்ல. 1937-ல மியாமோத்தோ தொகியோன்னு ஒருத்தர் ‘நான்கின் சென்ரியோ’ன்னு வண்டிக்கடை போட்டாரு. ஆளு நாகசாகி மாநிலத்து ஷிமாபரா பக்கம். யோகோஹாமா பக்கத்து நூடுல்ஸையும், சாம்போன்ங்கிற நாகசாகி நூடுல்ஸ்ல போடற பன்னி எலும்பு சூப்பையும் ஒண்ணு சேர்த்தாரு. அப்ப அது வெள்ளையா இல்ல, தெளிவான சூப்புதான்.

வெள்ளை ஆனது 1947-ல. அதே குருமேல ‘சான்க்யூ’ன்னு ஒரு கடை, சுகினோ கட்சுமின்னு ஒருத்தரோடது. ஒருநாள் அடுப்பை அம்மாவைப் பாத்துக்கச் சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. திரும்பி வந்தா சூப்பு தளதளன்னு கொதிச்சுப் பாலா வெளுத்துக் கிடக்கு. கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, உப்புப் போட்டுக் குடிச்சுப் பாத்தா ருசி பிரமாதம். இப்படித்தான் இங்க கதை சொல்றாங்க.

காரணம் என்னன்னா, எலும்புல இருக்கற கொலாஜன் ஜெலட்டினா கரையுது, விடாம கொதிக்கறப்ப கொழுப்பு பொடிப்பொடியா உடைஞ்சு ஜெலட்டினோட தண்ணியில கலந்து நிக்குது. அதான் பால் மாதிரி. அடுப்பைக் குறைச்சு மெதுவா வச்சா எத்தன மணிநேரம் ஆனாலும் தெளிவாத்தான் இருக்கும்.

ஹகாத்தாவோட பங்கு வேற. நாகஹாமா மீன் மார்க்கெட்டுல வேலை பாக்கறவங்களுக்கு நேரம் கிடையாது. தடிச்ச நூடுல்ஸ் வேக நேரமாகும், அதனால நூல் மாதிரி மெல்லிசா, தண்ணி கம்மியா விட்டுப் பெசைஞ்ச நூடுல்ஸ். போட்டா சட்டுனு வெந்துரும், ஆனா சட்டுனு ஊறியும் போயிரும். அதுக்காக ஒரே தடவ நெறையப் போடாம, சூப்பு மிச்சம் வச்சுக்கிட்டு நூடுல்ஸ் மட்டும் இன்னொரு கை வாங்கிக்கறது. அதுக்குப் பேருதான் ‘கயேதாமா’. நாகஹாமால ஆரம்பிச்ச பழக்கம் இப்ப நாடு பூரா இருக்கு.

பதம் சொல்லணும் இங்க. யாவா (மெத்து), ஃபுட்சு (சாதா), காட்டா (விறைப்பு), அதைவிட விறைப்பா பரிகாட்டா, ஹரிகானே. அதுக்கும் மேல ‘கொனஒட்டோஷி’ன்னு ஒண்ணு, ஒட்டியிருக்கற மாவு உதிர்ற அளவுக்குத் தண்ணியில ஒரு முக்கு, அவ்வளவுதான். வீம்புக்குச் சாப்பிடறது. எம் பேரே சொல்லும், நமக்குப் பரிகாட்டாதான்.

கயேதாமாவுக்கு ரெண்டு வாய் முன்னாடியே குரல் குடுத்துடணும். சூப்பு ஆறிட்டா சப்புன்னு ஆயிரும். மேசையில சிவப்பு இஞ்சி ஊறுகாய், எள்ளு, காரம் போட்ட கடுகுக்கீரை ஊறுகாய் இருக்கும். கீரையை முதல் வாய்லயே அள்ளிப் போட்டா கடைக்காரர் மூஞ்சி மாறும். சூப்பை மொதல்ல குடிக்கணும்.

#10 | யோகோஹாமாவாசி

பாண்டி தம்பி, அருமை. சான்க்யூ கதையில் ஒரு வால் இருக்கிறது. அந்தச் சுகினோ பிறகு கடையை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டு வேறு ஊருக்குப் போனார், கடையை எடுத்துக்கொண்டவர் குமமோத்தோ மாநிலத்தின் தமனாவில் கடை போட்டார். குமமோத்தோ ராமென் அந்த வழிதான். அங்கே பூண்டைக் கருக வறுத்து எண்ணெயோடு மேலே விடுவார்கள். நான் சொன்ன கண்ணி கண்ணியான வரலாறு என்பது இதுதான்.

#11 | உலைமூடி

வடக்கைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. சப்போரோவில் 1922-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்கு எதிரே ‘தகெயா’ என்ற சாப்பாட்டுக் கடை. வாங் வென்ட்சாய் என்ற சீனச் சமையல்காரர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் போட்ட நூடுல்ஸுக்கு மாணவர் கூட்டம் அலைமோதியது. வடக்கில் ராமென் கால்பதித்தது அப்படி.

மிசோ வந்தது 1950களின் நடுவில். ‘அஜி நோ சான்பெய்’ கடையின் ஓமியா மொரிதோ மிசோவைச் சூப்புக்கு ருசியாகச் சேர்த்தார். அதுவரை மிசோ என்றால் வீட்டில் சோற்றோடு குடிக்கிற கஷாயம் மாதிரியான மிசோ சூப்தான். அவர் வாணலியில் முளைகட்டிய பயறு, வெங்காயம், பூண்டு, கொத்துக்கறியை அதிரும் தீயில் வதக்கி, அதிலேயே மிசோவையும் சூப்பையும் சேர்த்தார். அதற்குத் தடித்த சுருள் நூடுல்ஸ். சூப் கனமாக இருப்பதால் மெல்லிசு நூடுல்ஸ் போட்டால் காணாமல் போய்விடும்.

சப்போரோவில் சில கடைகளில் மேலே பன்றிக்கொழுப்பு ஒரு ஏடு போல மூடியிருக்கும். ஆவியே பறக்காது. ஆறிவிட்டதோ என்று ஒரு மடக்குக் குடித்தால் நாக்கு வெந்துவிடும். பனிக்காலத்துக்கான ஏற்பாடு. வெண்ணெயும் சோளமும் போட்டது பிற்பாடு வந்த சமாச்சாரம், சுற்றுலாக்காரர்களுக்குப் பிடிக்கும், எனக்கில்லை.

ஃபுகுஷிமா மாநிலத்துக் கிட்டாகாத்தாவை விட்டுவிடக்கூடாது. சின்ன ஊர். 1920களில் ஒரு சீன இளைஞர் வண்டியில் விற்கத் தொடங்கி ‘கென்ராய்கென்’ கடை வைத்தார். பட்டையான, நீர்ச்சத்து அதிகமுள்ள, கையால் கசக்கிச் சுருட்டிய நூடுல்ஸ். அங்கே காலையில் ஏழு மணிக்கே ராமென் சாப்பிடுவார்கள். இட்லிக்கடை மாதிரி கூட்டம் நிற்கும்.

#12 | கத்திரிவெயில்

அதாவது எல்லா ஊரிலும் ஒரு சீனர், ஒரு தள்ளுவண்டி, ஒரு வருஷம். நண்பனிடம் தோற்றுவிட்டேன் போலிருக்கிறதே!

#13 | ஏடுபுரட்டி

தோற்கவில்லை. போருக்குப் பின் நடந்ததைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது.

1945-ல் ஜப்பானில் நெல் விளைச்சல் படுத்துவிட்டது. காலனிகளிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோனது. சோற்றுக்குப் பஞ்சம். ஆக்கிரமித்திருந்த அமெரிக்கா கோதுமையை இறக்கியது. உணவகம் நடத்தவே கட்டுப்பாடு, தானியமெல்லாம் ரேஷன். மாவு கள்ளச்சந்தைக்குக் கசிந்தது, தள்ளுவண்டிகளுக்குப் போனது. சீனாவிலிருந்தும் மஞ்சூரியாவிலிருந்தும் திரும்பிவந்த ஜப்பானியர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். அவர்களுக்குக் கைவந்தது அங்கே சாப்பிட்டுப் பழகிய பதார்த்தம். பசித்த வயிற்றுக்குக் கொழுப்பும் கோதுமையும் சேர்ந்த ஒரு கிண்ணம் மலிவாகக் கிடைத்தது. முன்பு வழங்கிய ‘ஷினா சோபா’ என்ற பெயர் சீனர்களை இழிவுபடுத்துவதாகக் கருதப்பட்டு ‘சூகா சோபா’ ஆனதும் இந்தக் காலத்தில்தான்.

ராமென் நாட்டுச் சாப்பாடானது பஞ்சத்தாலும் அமெரிக்கக் கோதுமையாலும். சீனாவா ஜப்பானா என்ற கேள்வியில் அமெரிக்காவை விட்டுவிடுகிறோம்.

#14 | யோகோஹாமாவாசி

இதை முழுக்க ஏற்கிறேன்.

இதே வரிசையில் பாக்கெட் ராமெனும் வரும். மோமோஃபுக்கு ஆண்டோ 1910-ல் ஜப்பானிய ஆட்சியிலிருந்த தைவானில் பிறந்தவர். ஒசாக்கா அருகே இகேதாவில், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் சோதனை செய்து, நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் நீர் போய் நுண்துளை விழும், வெந்நீர் பட்டதும் அந்தத் துளை வழியே மறுபடி ஊறும் என்று பிடித்தார். 1958 ஆகஸ்ட் 25-ல் ‘சிக்கன் ராமென்’ வெளிவந்தது. விலை 35 யென். உடோன் என்கிற தடித்த நூடுல்ஸ் ஒரு உருண்டை 6 யென்னுக்குக் கிடைத்த காலத்தில் அது மலிவுச் சரக்கே இல்லை. 1971-ல் கப் நூடுல். ராமென் என்ற பெயர் நாடு முழுக்க ஒட்டிக்கொண்டதில் இந்த பாக்கெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்மூர்க் கடைகளில் பார்க்கும் டாப் ராமென் ஆண்டோவின் அதே நிஸ்ஸின் நிறுவனத்துடையது. மசாலாவைப் பார்த்தால் மட்டும் சொந்தம் தெரியாது.

#15 | கொழும்புத்துறை

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப ஒசாக்காவில. ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிட்டியள். ராமென் மட்டும்தானோ ஜப்பான்ர நூடுல்ஸ் சூப்? உடோனும் சோபாவும் எங்க போச்சு? பழசு தேடுறவை அங்கயெல்லோ தேடவேணும்.

சோபா எண்டது பக்வீட் தானிய மாவில செய்யிறது. மாவைத் தட்டி, வெட்டி நூடுல்ஸாக்கின சோபாவைப் பற்றின குறிப்பு 1574-ல நாகனோ பக்கம், கிசோவில ஜோஷோஜி எண்ட கோயில் ஏட்டில இருக்கு. உடோன் கோதுமை, தடிச்சது, காரநீர் இல்லை, அதால வெள்ளை. இந்த ரெண்டுக்கும் சூப்பு எலும்பில்லை, ‘தாஷி’. கொம்பு எண்ட கடற்பாசியும் கட்சுவோபுஷியும் ஊறவச்சு எடுக்கிற சாறு.

கட்சுவோபுஷி என்னெண்டு பாத்தனீங்களோ? சூரை மீனை அவிச்சு, புகைபோட்டு, கல்லு மாதிரிக் காயவைக்கிறது. சீவினா மரச்சீவல் மாதிரி வரும். எங்கட வீட்டு அடுப்படியில தகர டப்பாவுக்குள்ள இருக்கிற மாசியும் அதே சூரைதான். மாலைதீவில அவிச்சுப் புகைபோட்டுக் காயவைக்கிறவை, நாங்கள் இடிச்சு சம்பலுக்குப் போடுறம். ஜப்பான்காரர் நல்ல சாமானுக்கு மேல ஒரு பூஞ்சையையும் வளரவிட்டு மாசக்கணக்கில காயவைப்பினம், அது ஒண்டுதான் பெரிய வித்தியாசம். முதல்முறை இங்க உடோன் கடையில மணம் வரேக்கை எனக்கு வேற விளக்கம் தேவைப்படேல்லை.

இன்னொண்டு. கிழக்கு ஜப்பானில உடோன் சூப்பு கறுப்பு, மேற்கில வெளிர். கிழக்கில கட்சுவோபுஷி தூக்கல், கறுத்த சோயா சாஸ். மேற்கில கொம்பு தூக்கல், வெளிர் சோயா சாஸ். ஹொக்கைடோவில இருந்து கொம்பு கப்பலில ஒசாக்காவுக்கு வந்து இறங்கின காலம் இருந்தது, அந்தப் பழக்கம். நிஸ்ஸின்ர ‘டொன்பெய்’ கப் உடோனையே கிழக்குக்கு ஒரு ருசி, மேற்குக்கு ஒரு ருசி எண்டு பிரிச்சு விக்கினம். ரெண்டையும் பக்கத்தில வச்சு ஊத்திப் பாருங்கோ, நிறமே சொல்லும்.

#16 | உலைமூடி

கொழும்புத்துறை அண்ணா, மாசி விஷயம் சரியாகச் சொன்னீர்கள். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கமும் மாசிக்கருவாடு உண்டு.

ஒன்று சேர்க்கிறேன். 1908-ல் டோக்கியோவில் இகேதா கிகுனாயே என்ற வேதியியல் பேராசிரியர் கொம்புச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913-ல் அவர் சீடர் கொடாமா கட்சுவோபுஷியிலிருந்து இனோசினேட்டைக் கண்டார். இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு தெரியும். இப்போது நல்ல ராமென் கடைகளில் கோழி சூப் தனியாக, தாஷி தனியாக எடுத்துக் கிண்ணத்தில் கலக்கிறார்கள். உடோன் கடை அறிவு ராமென் கடைக்குள் வந்துவிட்டது. தோழி ஜப்பான் கைப்பக்குவம் என்று சொன்னதற்கு என் ஓட்டு இதனால்தான்.

#17 | சுத்தசைவம்

இழையை முழுக்கப் படித்தேன், பசிக்கிறது. 😄 நான் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை. அடுத்த மாதம் டோக்கியோ போகிறேன். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொல்லி உடோன் வாங்கினால் போதுமா?

#18 | கொழும்புத்துறை

போதாது. மேல ஒண்டும் போடாமத் தருவினம், ஆனா சூப்பில மீன் இருக்கும். தாஷியை மீன் எண்டே பலர் கணக்கில எடுக்கிறேல்லை. ‘கட்சுவோபுஷி இல்லாமல்’ எண்டு பேர் சொல்லிக் கேக்கவேணும்.

#19 | யோகோஹாமாவாசி

ராமெனில் இன்னும் கவனம். பச்சைக் காய்கறி மட்டும் மிதக்கிற மிசோ ராமெனிலும் அடியில் பன்றி எலும்பு சூப் இருக்கும். நூடுல்ஸிலும் சில கடை முட்டை சேர்க்கும். கடை ‘வீகன்’ என்று எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். டோக்கியோ ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே ‘டீஸ் தன்தன்’ என்று முழுக்க வீகன் கடை இருக்கிறது. எள்ளும் மிளகாயும் போட்ட தன்தன்மென் வகை. அந்த வகை சிச்சுவானிலிருந்து வந்தது, 1950களில் ஜப்பானுக்கு வந்த சென் கென்மின் என்ற சமையல்காரர் சூப் ஊற்றிய வடிவத்தைப் பரப்பினார். நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

மடத்துச் சமையல் கிடைத்தால் விடாதீர்கள். கொம்புவும் காய்ந்த ஷியிட்டாகே காளானும் ஊறவைத்த தாஷி, மீன் கிடையாது.

பன்றி மட்டும் வேண்டாம் என்கிறவர்களுக்கு: சென்னையில் ஷியோ அல்லது ஷோயு கேட்டு, சூப் கோழியா என்று கேளுங்கள். வாசனை எண்ணெய் பன்றிக்கொழுப்பா என்றும் கேட்க வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை.

#20 | பரிகாட்டா பாண்டி

சுகெமென் பத்தி யாருமே சொல்லல. சூப்பு தனி, நூடுல்ஸ் தனி, தொட்டுச் சாப்பிடறது. டோக்கியோ தாய்ஷோகென் கடைல யமாகிஷி கசுவோ 1955-ல மெனுவுல போட்டாரு. மீதமான நூடுல்ஸை வேலைக்காரங்க கோப்பையில சூப்பு ஊத்தித் தொட்டுச் சாப்பிட்டதுல இருந்து வந்தது. 2015-ல அவர் போய்ச் சேர்ந்தாரு, அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க கடை நாடு பூரா இருக்கு.

அதே 2015 டிசம்பர்லதான் டோக்கியோ ‘ட்சுட்டா’ கடைக்கு மிஷெலின் ஸ்டார் வந்தது, ராமென் கடைக்கு முதல் தடவ. வண்டிக்கடைச் சாப்பாடு எங்க போய் நிக்குது பாருங்க.

#21 | ஏடுபுரட்டி

ஸ்டார் வாங்கிய கடைகளைவிட, மித்தாவில் கெய்யோ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ‘ராமென் ஜிரோ’தான் என்னைப் பொறுத்தவரை ராமெனின் ஆன்மா. 1968-ல் தொடங்கிய கடை, மாணவர்களுக்கு மலையாகக் குவித்துப் போடுகிறார்கள். அழகு பார்க்கக் கூடாது, பூண்டு வேண்டுமா, கொழுப்பு வேண்டுமா என்று கேட்டதும் பதில் சொல்லிவிட்டுத் தின்ன வேண்டும்.

#22 | உலைமூடி

ஆன்மா இருக்கட்டும், இரத்த அழுத்தம்? ராமென் ஒரு கிண்ணம் சூப்போடு காலிசெய்தால் உப்பு மட்டும் சுமார் 6 கிராம் உள்ளே போகும். உலக சுகாதார நிறுவனம் ஒருநாளைக்கே 5 கிராமுக்குக் கீழே என்கிறது. சூப்பைப் பாதி வையுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

#23 | கத்திரிவெயில்

எல்லோருக்கும் நன்றி. ஆபீஸ் குழுவில் இந்த இழையை அப்படியே போட்டுவிட்டேன். சண்டை தீரவில்லை, இப்போது கொம்பா கட்சுவோபுஷியா என்று மாறியிருக்கிறது.

சுத்தசைவத்தோடு என் அண்ணனும் டோக்கியோ போகிறான், அவன் எல்லாம் சாப்பிடுவான். ஜப்பானிய எழுத்து தெரியாது. வாசலில் டிக்கெட் மெஷின் இருக்குமாமே, எந்தப் பட்டனை அமுக்குவது?

#24 | யோகோஹாமாவாசி

பணத்தை முதலில் போடச் சொல்லுங்கள், அப்புறம்தான் பல மெஷின்களில் பட்டன் எரியும். மேல் வரிசையில் இடது ஓரப் பட்டன் பெரும்பாலும் அந்தக் கடையின் பேர்போன ராமென். அமுக்கி, வரும் சீட்டைக் கவுண்டரில் வைத்தால் போதும். ஹகாத்தா வகைக் கடை என்றால் சீட்டை வாங்கியதும் பதம் கேட்பார்கள், ‘காட்டா’ என்று சொல்லட்டும். பரிகாட்டாவெல்லாம் பாண்டிக்கு.

#25 | பரிகாட்டா பாண்டி

முதல் தடவ ஃபுட்சுவே சொல்லட்டும்ணே. கயேதாமா வாங்கறப்ப காட்டா கேட்டுக்கலாம். சில கடைல அதுக்குத் தனியா சில்லறை குடுக்கணும், நூறு யென் காசு ரெண்டு மூணு பையில வச்சிருக்கச் சொல்லுங்க.